‘இரத்தப் படல’த்தை இன்னொரு ரசிகரின் கையில் சேர்ப்பது எப்படி?

ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சிக்குத் தவறாமல் செல்லும் காமிக்ஸ் ரசிகர்களுக்கு இந்த அனுபவம் ஒருமுறையாவது நேர்ந்திருக்கும். சிவகாசியிலிருந்து வரும் லயன்-முத்து காமிக்ஸ் ஸ்டாலில் முன்பின் அறியாத ஒருவர், ‘XIII’ என்ற பிரெஞ்சு மொழிக் காமிக்ஸ் தொடரின் தமிழ் வடிவமான ‘இரத்தப் படல’த்தை எடுத்துப் புரட்டிக்கொண்டிருப்பார், பக்கத்தில் நிற்கும் நமக்கு வாய் சும்மா இருக்காது. “சார், அது அருமையான கதை” என்று தொடங்கி, நினைவிழந்த நாயகன், சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்க ஜனாதிபதி, எண்களால் மட்டும் அழைக்கப்படும் இருபது பேர் கொண்ட சதிக் கூட்டம் என்று மூச்சு விடாமல் நாம் அடுக்கி முடிப்பதற்குள், அவர் ஒரு புன்னகையோடு புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நகர்ந்திருப்பார். இப்படி நான் விரட்டியடித்த வாசகர்கள் பலர். வளர்ந்தோருக்கான நீண்ட காமிக்ஸ் தொடர் ஒன்றைப் பரிந்துரைப்பதற்கு ஆர்வத்தைவிட அடக்கமே கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது மெல்லத்தான் எனக்குப் புரிந்தது.

முதலில், சொல்லாமல் விடவேண்டியது எது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பெல்ஜியத்தைச் சேர்ந்த கதாசிரியர் ழான் வான் ஹாம், ஓவியர் வில்லியம் வான்ஸ் ஆகிய இருவரும் 1984-இல் தொடங்கிய இத்தொடர் 2007 வரை 19 ஆல்பங்களாக, அதாவது பாகங்களாக, வளர்ந்தது. 2011 முதல் வேறு இருவர் இதைத் தொடர்ந்தனர். சிவகாசியில் லயன் காமிக்ஸ் பிறந்ததும் அதே 1984-இல்தான் என்பது ரசிகர்களுக்கு இனிக்கும் தற்செயல். இந்தத் தகவல்கள் அனைத்தும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எதிரில் இருப்பவருக்கு ஏற்ற ஒன்றை மட்டுமே எடுத்து நீட்ட வேண்டும். பழைய வாசகர் என்றால் “உளவாளி புருனோ பிரேசிலை வரைந்த அதே வான்ஸ்தான்” என்ற ஒரு வரி போதும். கௌபாய் நாயகன் கேப்டன் டைகரின் அபிமானி என்றால், 18-ஆம் ஆல்பத்தை வரைந்தவர் டைகரின் ஓவியரான ழான் ஜிரோ என்று சொல்லிப் பாருங்கள். மீதியை அவரே விசாரிப்பார்.

கதையைப் பொறுத்தவரை, முதல் ஆல்பத்தின் முதற்காட்சியைத் தாண்டி ஓர் அடிகூட எடுத்து வைக்காதீர்கள். அந்தக் காட்சியை நான் சொல்லும் முறை இது: ஆள் நடமாட்டமில்லாத கடற்கரையில், தலையில் குண்டடி பட்ட இளைஞன் ஒருவன் அலைகளால் ஒதுக்கப்பட்டுக் கிடக்கிறான், ஒரு முதியவர் அவனைக் கண்டெடுத்துத் தம் வீட்டுக்குக் கொண்டுவருகிறார், குடிப்பழக்கத்தால் தொழிலை இழந்த பெண் மருத்துவர் ஒருவர் அவன் உயிரைக் காப்பாற்றுகிறார், கண் விழிப்பவனுக்குத் தன் பெயர்கூட நினைவில் இல்லை, அவனுடைய இடது காறையெலும்பின் அருகே ரோமானிய எண்ணில் பதிமூன்று என்று பச்சை குத்தப்பட்டிருக்கிறது. இங்கே நிறுத்திவிட்டு உங்கள் டீயைக் குடியுங்கள். அந்த எண்ணை ஏன் குத்தினார்கள் என்று அவர் கேட்டால், “நான் சொல்லமாட்டேன்” என்பதைத் தவிர வேறு பதில் தேவையில்லை. இருபது பேர் கூட்டத்தைப் பற்றி நான் மேலே எழுதியதே அதிகம். நீங்கள் ஏற்கெனவே ரசிகர் என்ற உரிமையில்தான் எழுதினேன்.

பரிந்துரைப்பதில் மிகக் கடினமானவர்கள் புதியவர்கள் அல்லர். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவியோடு வளர்ந்து, அங்கேயே நின்றுவிட்டவர்கள்தாம். அவர்களுக்கு ஓர் இதழில் கதை தொடங்கி அதே இதழில் முடிய வேண்டும். வில்லன் கடைசிப் பக்கத்தில் பிடிபட வேண்டும். ‘இரத்தப் படலம்’ மீது அவர்களில் பலருக்கு நியாயமான மனக்குறை ஒன்றும் உண்டு. தமிழில் பாகங்கள் நீண்ட இடைவெளி விட்டு வந்த காலத்தில், நான்காம் பாகம் கையில் கிடைக்கும்போது இரண்டாம் பாகத்தில் வந்தவர் யார் என்பதே மறந்துபோயிருக்கும். இடையில் ஒரு பாகம் தவறிவிட்டால் அவ்வளவுதான். இப்படிப்பட்டவரிடம் “இது உலகத் தரம்” என்று வாதாடுவது வீண். 18 பாகங்கள் 2010-இல் கருப்பு வெள்ளையில் ஒரே நூலாக வந்ததையும், பின்னர் வண்ணத்தில் வந்ததையும் சொல்லி, அன்று விட்ட நூலை இன்று இடைவெளியின்றிப் பிடித்துக்கொள்ளலாம் என்று மட்டும் எடுத்துக்காட்டுங்கள். கூடவே, பலூன்களில் வசனம் நெருக்கமாக இருக்கும் என்பதால் பகல் வெளிச்சத்தில் படிக்கச் சொல்லுங்கள். ஐம்பதைக் கடந்த நண்பர் ஒருவர் கதை புரியவில்லை என்று திருப்பித் தந்துவிட்டு, புதுக் கண்ணாடி மாற்றிய பிறகு தாமாகவே மறுபடி கேட்டு வாங்கிச் சென்றார்.

இளைஞர்களிடம் இவ்வளவு பாடு இல்லை. ஜப்பானிய காமிக்ஸான மாங்கா படிப்பவர் என்றால் நவோகி உராசாவாவின் ‘மான்ஸ்டர்’ படித்திருக்கிறாரா என்று கேளுங்கள். 18 நூல்கள் வரை ஒரே மர்மத்தைப் பொறுமையாகத் துரத்தியவருக்கு இங்கே மூச்சு வாங்காது. கணினி விளையாட்டுப் பிரியர் என்றால், யூபிசாஃப்ட் 2003-இல் இதே கதையை வைத்து, காமிக்ஸ் கட்டங்களும் ஒலிச்சொற்களும் திரையில் தோன்றும்படி ஒரு துப்பாக்கி விளையாட்டை வெளியிட்டதைச் சொன்னால் போதும்.

“இது கஜினி மாதிரியா?” என்ற கேள்வி சென்னையில் நிச்சயம் வரும். நினைவிழப்பும் உடம்பில் பச்சையும் இருப்பதால் வரும் கேள்வி; சிரித்துவிட்டு, இவனுக்கு நினைவு நிமிடத்துக்கு நிமிடம் அழிவதில்லை, கடந்த காலம் மட்டும் மொத்தமாகக் காணாமல் போயிருக்கிறது என்று விளக்குங்கள். ஆங்கிலத் திரைப்படங்கள் பார்ப்பவர், நினைவிழந்த உளவாளியான ஜேசன் போர்னைக் குறிப்பிடுவார். அதை மறுக்க வேண்டாம். போர்ன் அறிமுகமான ராபர்ட் லட்லமின் நாவல் 1980-இல் வந்தது. கதையின் தொடக்கப் புள்ளி அங்கிருந்து வந்தது என்பது ஊரறிந்த செய்தி. தொடக்கம் ஒன்றாக இருந்தாலும், கென்னடி கொலையின் சாயல் கொண்ட ஓர் அரசியல் கொலையை நடுவில் வைத்து, நாயகனுக்கு ஓர் அடையாளம் கிடைத்த ஒவ்வொரு முறையும் அதை வான் ஹாம் பிடுங்கிக்கொள்வது வேறு விளையாட்டு. எது உண்மைப் பெயர் என்று நாம் நம்பத் தொடங்கும் பக்கத்துக்கும், அந்த நம்பிக்கை உடையும் பக்கத்துக்கும் இடையே அவர் விடும் தூரம்தான் என்னை இத்தொடரில் கட்டிப்போட்டது.

அடுத்தது, பலரும் சொல்ல மறந்துவிடுவது. இது வளர்ந்தோருக்கான தொடர் என்பதை வாய்விட்டு, விவரத்தோடு சொல்லிவிடுங்கள். என் நண்பர் ஒருவரிடம் முதல் ஐந்து பாகங்களைக் கொடுத்தபோது இதைச் சொல்லாமல் விட்டேன்; காமிக்ஸ்தானே என்று அவர் அவற்றைக் கூடத்து மேசையில் வைக்க, ஒன்பது வயது மகள் எடுத்துப் படித்துவிட்டாள். அன்று இரவு நண்பரின் மனைவி என்னிடம் தொலைபேசியில் கேட்ட ஒரே கேள்வி, “அண்ணா, பொம்மைப் புத்தகத்தில் ஒருத்தரைக் கட்டி வைத்து ஏன் இப்படிச் சித்திரவதை செய்கிறார்கள்?” என்பதுதான். எனக்குப் பதில் இல்லை. அதன் பிறகு நான் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: பக்கத்துக்குப் பக்கம் கொலை உண்டு, மூன்றாம் பாகத்தில் சிறைக் கொடுமை உண்டு, ஏழாம் பாகத்தில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற அமெரிக்க வெள்ளையர் கூட்டத்தின் நிறவெறி வருகிறது, ஆங்காங்கே உடலுறவையும் நிர்வாணத்தையும் காட்டும் கட்டங்கள் இருக்கின்றன. இப்படிச் சொல்வதால் யாரும் பின்வாங்கியதில்லை. புத்தகம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போகிறது, அவ்வளவே.

எதைக் கையில் கொடுப்பது என்பதில்தான் நான் அதிகம் தடுமாறினேன். கனமான முழுத் தொகுப்பைக் கொடுத்தால் அதைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு மலைப்பு வந்துவிடும். மீதிப் பேரில் ஒருவர், கிண்டியில் என்னோடு பணிபுரிந்தவர், மின்சார ரயிலில் உட்கார்ந்து முதலில் கடைசிப் பத்துப் பக்கங்களைப் படித்துவிட்டு, “முடிவு பரவாயில்லை” என்று மறுநாள் திருப்பித் தந்தார். ஆகவே முதல் ஐந்து பாகங்களே அளவு. முதல் பெரிய சதி ஐந்தாம் பாகத்தில் ஒரு முடிவுக்கு வருகிறது. அங்கே நிறுத்தினாலும் ஒரு முழுக் கதை படித்த நிறைவு கிடைக்கும், தொடர வேண்டுமென்றால் கதவும் திறந்தே இருக்கும். தனித்தனிப் பாகங்கள் இல்லாமல் தொகுப்பையே கொடுக்க நேர்ந்தால், ஐந்தாம் பாகம் முடியும் இடத்தில் ஒரு பழைய பேருந்துப் பயணச்சீட்டைச் செருகி, “இது வரைக்கும் படியுங்கள், போதும்” என்று சொல்லிக் கொடுங்கள். பதின்மூன்றாம் ஆல்பத்தை மட்டும் தனியாக யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அது வழக்கமான சித்திரக்கதை அன்று. அதுவரை நடந்த அனைத்தையும் புலனாய்வுக் கோப்பாகத் தொகுத்துரைப்பது. ஒரே மூச்சில் எல்லா மர்மங்களையும் கொட்டிவிடும்.

இன்னொரு சிறு உதவி: பெயர்ச் சீட்டு. வான்ஸ் வரையும் ஆண்களில் பலருக்கும் அதே சதுரத் தாடை, அதே கூரிய பார்வை. இராணுவ உடையும் போட்டுவிட்டால் யார் நல்லவர், யார் சதிகாரர் என்று புதியவர் குழம்புவார். நான் ஒரு தபால் அட்டையில் ஜோன்ஸ், ஜெனரல் காரிங்டன், கர்னல் ஏமஸ், மங்கூஸ் ஆகிய நான்கு பெயர்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல்லில் அடையாளம் குறித்து, முதல் பக்கத்தில் வைத்துவிடுவேன். காரிங்டனுக்கு எதிரே “மீசை” என்று எழுதியிருக்கிறேன். அவர் எந்தப் பக்கத்து ஆள் என்று எழுதவில்லை.

குறைகளையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லுங்கள். என் கணிப்பில் ஒன்பதாம், பத்தாம் பாகங்களில் கதை கோஸ்டா வெர்டே என்ற கற்பனை நாட்டின் புரட்சிக்குள் புகுந்து சற்றுத் தொய்கிறது. அதன் பிறகு நாயகனின் மூதாதையர் வரலாறு தோண்டப்படும்போது, இன்னும் எத்தனை தந்தைகள், எத்தனை பெயர்கள் என்று அலுப்பு தட்டுவதும் உண்மை. இதை மறைத்துப் புகழ்ந்தால், அந்த இடத்தை அடையும் வாசகர் அடுத்த முறை உங்கள் சொல்லை நம்பமாட்டார்.

வாங்கிப் படிக்க விரும்புவோருக்குப் புத்தகக் காட்சியே எளிய வழி. பழைய தனி இதழ்கள்தாம் வேண்டும் என்பவர்களை, மூர் மார்க்கெட் எரிந்த பிறகு சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்தில் குடியேறிய கடைகளுக்கும், திருவல்லிக்கேணி பாரதி சாலையின் ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக்கும் அனுப்பலாம். ஆனால் அங்கே அரிய இதழ் என்று சொல்லப்படும் விலைக்குப் பாதியில் பேரத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். உங்கள் சேகரிப்புப் பிரதியை எக்காரணம் கொண்டும் இரவல் தராதீர்கள். இரவலுக்கென்றே மூலை மடிந்த ஒரு படியை வைத்துக்கொள்வது நட்புக்கும் புத்தகத்துக்கும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் கொடுப்பதானால் பிளாஸ்டிக் உறை அவசியம்.

கொடுத்த பிறகு ஒரு மாதம் வரை எதுவும் கேட்காதீர்கள். “எது வரைக்கும் வந்தீங்க?” என்று வாட்ஸ்அப்பில் வாரந்தோறும் நச்சரித்தால், படிப்பு வீட்டுப் பாடமாகிவிடும். புத்தகம் திரும்பி வரும்போது பயணச்சீட்டு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். கூடத்து மேசையில் புத்தகத்தை வைத்த அந்த நண்பர், அடுத்த முறை இரவல் படியாக வாங்கிப் போன முழுத் தொகுப்பைச் செய்தித்தாளில் சுற்றித் திருப்பித் தந்தபோது, ஐந்தாம் பாகத்தின் முடிவில் நான் செருகியிருந்த சீட்டு எட்டாம் பாகத்தின் நடுவில் இருந்தது. நான் ஒன்றும் பேசாமல் உறையைப் போட்டு அவரிடமே நீட்டினேன். அவரும் ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டார்.