கறுத்த மார்பைக் கழுவாதீர்கள்

கல்லில் வரைந்து அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டிய கல்லச்சுப் பறவைப் படங்களைச் சேர்க்கப் பல இளைஞர்கள் முன்வருகிறார்கள். மகிழ்ச்சிதான். ஆனால் முந்தைய தலைமுறை செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஈரக்கையால் தொடாதீர்கள், வெயிலில் மாட்டாதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கறுப்பை அழுக்கு என்று எண்ணுவது

கல்லில் அச்சானது கறுப்புக் கோடும் நிழலும் மட்டுமே. வண்ணம் முழுவதும் பிறகு தூரிகையால் ஏறியது. பெரும்பாலும் பிசின் கலந்த நீர்வண்ணம். சிறகின் வெண்மைக்கும் கண்ணின் ஒளிப்புள்ளிக்கும் ஈயவெள்ளை வைப்பார்கள். காற்றிலுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடு பட்டால் அந்த ஈயவெள்ளை ஈய சல்ஃபைடாக மாறிக் கறுத்துவிடும். பார்ப்பவருக்குப் பூஞ்சையோ கரியோ படிந்ததுபோல் தெரியும்.

ஆங்கிலேயப் பறவையியலாளர் ஜான் கோல்டின் பிரிட்டன் பறவைகள் நூலிலிருந்து (1862–73) பிரிந்து வந்த, ஆலா என்னும் நீர்ப்பறவையின் படம் ஒன்றை ஒருவர் நல்ல விலை கொடுத்து வாங்கினார். மார்பில் கறுப்புத் திட்டுகள். பிரேம் போடும் கடையில் யாரோ சொன்னார்கள் என்று பிளீச்சிங் தண்ணீரில் ஊறவைத்துவிட்டார். என்னிடம் வந்தபோது திட்டுகளோடு அலகின் சிவப்பும் வானத்தின் நீலமும் சேர்ந்தே போயிருந்தன. தாளும் வலுவிழந்து, மடித்தால் முறியும் நிலையில் இருந்தது. அந்த நூலின் ஒவ்வொரு வானமும் ஒவ்வொரு இறகும் கையால் தீட்டப்பட்டவை என்று கோல்டே முன்னுரையில் பெருமையோடு எழுதியிருக்கிறார். எத்தனையோ கைகளின் உழைப்பு ஒரு வாளித் தண்ணீரில் கரைந்தது. இன்றும் நினைத்தால் கோபம் வருகிறது.

அந்தக் கறுப்புக்கு மருந்து உண்டு. காகிதப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றவர் மிக நுண்ணிய தூரிகையால், கறுத்த இடத்தில் மட்டும், ஹைட்ரஜன் பெராக்சைடு தடவுவார். ஈய சல்ஃபைடு வெண்ணிற ஈய சல்ஃபேட்டாக மாறும். இதை வீட்டில் முயலாதீர்கள். கோல்டின் ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்டு) நூலில் (1849–61) தங்க ரேக்கின் மேல் எண்ணெயும் வார்னிஷும் கலந்த வண்ணம் பூசியிருக்கிறார்கள். அதில் தண்ணீர் மட்டுமல்ல, ஸ்பிரிட்டும் ஆபத்து. ஆளைத் தேடும்வரை கறுப்பு அப்படியே இருக்கட்டும். அது பரவி ஓடிவிடாது.

எண்ணாமல் வாங்குவது

இவ்வகை நூல்களில் பல, தவணை தவணையாக வந்தவை. பைண்டு செய்தது சந்தாதாரர். அதனால் படங்களின் வரிசை பிரதிக்குப் பிரதி மாறலாம், ஓரிரு தாள்கள் காணாமலும் போயிருக்கலாம். மதராசில் 1843 முதல் 1847 வரை வெளிவந்த, பறவையியலாளர் ஜெர்டனின் இந்தியப் பறவை நூலில் 50 படங்கள். கோல்டின் முதல் நூலான இமயமலைப் பறவைகளில் 80. விற்பவர் முன்னிலையிலேயே ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரு தாள் மட்டும் அளவில் சிறியதாக இருந்தால், அது வேறு பிரதியிலிருந்து செருகியதா என்று கேளுங்கள்.

லென்ஸ் இல்லாமல் போவது

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். கைவண்ணம் சில இடங்களில் கோட்டைத் தாண்டியிருக்கும், குளம்போல் தேங்கி ஓரம் அடர்ந்திருக்கும். நிறத்தையும் கல்லிலேயே அச்சிடும் வண்ணக் கல்லச்சில் நிறமே புள்ளிகளாகத் தெரியும். ஹ்யூமும் மார்ஷலும் வெளியிட்ட இந்திய வேட்டைப் பறவை நூல் (1879–81) இந்த இரண்டாம் வகை. அருமையான நூல்தான், ஆனால் கைவண்ண விலை கொடுக்காதீர்கள்.

ஆடுபான்

அமெரிக்கப் பறவைகளை வரைந்த அவருடைய பெரிய நூல் செப்புத்தகட்டு அச்சு. கல்லச்சு அல்ல.

நூலைப் பிரிப்பது

கூடாது. தாள் தாளாகக் கிழித்து விற்பதற்காக முழு நூலை வாங்குபவர்களுக்கு நான் எந்த ஆலோசனையும் சொல்வதில்லை.