முதல் வேலைக்குக் கவர் லெட்டர் எழுதுவது எப்படி?

பி.காம் முடித்திருக்கிறீர்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலைக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயோடேட்டா தயார். கவர் லெட்டரும் கேட்கிறார்கள். ஒரு பக்கத்துக்குள், மூன்று பத்தி போதும்.

படி 1: விளம்பரத்தைப் பேனாவோடு படியுங்கள்

"டேலி தெரிந்திருக்க வேண்டும், பில்களைச் சரிபார்க்க வேண்டும், ஜிஎஸ்டி ரிட்டர்ன் வேலையில் உதவ வேண்டும்" என்று இருக்கும் (டேலி என்பது கணக்கு எழுதும் மென்பொருள்). இதில் நீங்கள் கையால் செய்து பார்த்த ஒன்றிரண்டை மட்டும் அடிக்கோடிடுங்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லப் போனால் அது இன்னொரு பயோடேட்டா ஆகிவிடும்.

படி 2: முதல் பத்தி

எந்த வேலை, விளம்பரத்தை எங்கே பார்த்தீர்கள், என்ன படித்திருக்கிறீர்கள். இரண்டே வரி.

படி 3: நடுப்பத்தி

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். "நான் கடின உழைப்பாளி, எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்" என்று எல்லாருமே எழுதுகிறார்கள். படிப்பவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இதைப் பாருங்கள்:

"ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சியில் இருந்தபோது, கொள்முதல் பில்களை டேலியில் பதிவு செய்து, ஜிஎஸ்டிஆர் 2பி-யோடு ஒப்பிட்டு, அதில் வராத பில்களைப் பட்டியல் எடுத்து சப்ளையர்களிடம் சொல்லி ஜிஎஸ்டி தளத்தில் ஏற்ற வைத்தேன்."

2பி என்பது சப்ளையர்கள் ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்களைக் காட்டும் அறிக்கை. சப்ளையர் பில்லை ஏற்றாவிட்டால் அந்த இன்புட் கிரெடிட் (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) நிற்கும், அதாவது நிறுவனத்தின் பணம் நிற்கும். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு 2பி பொதுவாக 14ஆம் தேதி வரும், வரி கட்டும் ரிட்டர்னான 3பி தாக்கலுக்குக் கடைசி நாள் 20. நடுவில் இருக்கும் அந்த ஆறு நாள் நெருக்கடி அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு நன்றாகவே தெரியும். உங்கள் வரியைப் படித்ததும், இந்த ஆள் வந்தால் எந்த வேலையைக் கொடுக்கலாம் என்று அவர் யோசிக்கத் தொடங்குவார்.

பயிற்சிக்கே போகவில்லையா? மாமா கடைக்குப் பில் போட்டுக் கொடுத்திருந்தாலும் எழுதலாம். செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். நேர்காணலில் முதல் கேள்வியே அதிலிருந்துதான் வரும்.

படி 4: கடைசிப் பத்தி

எப்போது சேர முடியும், எந்த எண்ணில் அழைக்கலாம். அவர்கள் கேட்காவிட்டால் சம்பளப் பேச்சு வேண்டாம். "பணிவன்புடன் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்" என்று குழையவும் வேண்டாம். நன்றி சொல்லிப் பெயர் போட்டால் போதும்.

படி 5: அனுப்பும் முன்

சத்தமாக ஒரு முறை வாசியுங்கள், மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். பழைய கடிதத்தைத் திருத்தி எழுதியிருந்தால், வேறு நிறுவனத்தின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். விளம்பரம் ஆங்கிலத்தில் இருந்தால் கடிதமும் ஆங்கிலத்தில்தான்.

அப்புறம், மின்னஞ்சலின் தலைப்பில் வேலையின் பெயரும் உங்கள் பெயரும் இருக்கட்டும். கடிதத்தை மின்னஞ்சலிலேயே எழுதி, பயோடேட்டாவை பிடிஎஃப் ஆக இணையுங்கள். ஒரு வாரம் பதில் இல்லையென்றால், அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரியில் ஒரு முறை விசாரிக்கலாம்.