பீரங்கிச் சாலையில் சைக்கிள்: ஆல்ப்ஸ் முகட்டுப் பயணத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இத்தாலி–பிரான்ஸ் எல்லையில் லிமோனே ஊரிலிருந்து ஏறி, முகட்டோடு முகடாகத் தெற்கே வந்து, மத்தியதரைக் கடலோர வென்டிமிலியாவில் இறங்கலாம். மவுண்டன் பைக்கில் மூன்று நான்கு நாள் பயணம். பிரான்ஸின் தாக்குதலை எதிர்பார்த்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லிமோனேவுக்கு மேலே உள்ள தெண்டா கணவாயைச் சுற்றி இத்தாலி கோட்டைகள் கட்டியது. முகட்டில் காவல் இருந்த படைக்குப் பீரங்கியும் தளவாடமும் கொண்டுபோகப் போட்டவைதான் இந்தச் சாலைகள். 1947 அமைதி ஒப்பந்தத்தில் எல்லை நகர்ந்தது. தெண்டா கோட்டைகள் இன்று பிரான்ஸ் மண்ணில் நிற்கின்றன.

பாரம் இழுக்கும் கோவேறு கழுதைக்கு ஏற்ற சரிவு என்பதால் ஏற்றம் பெரும்பாலும் 10 சதவீதத்தைத் தாண்டாது. வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டு நாளுக்கு 70 கி.மீ. என்று திட்டம் போடுவதுதான் முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கும் தாய். சரிவு சாது, தரை சாது அல்ல. படை போனபின் பராமரிப்பு குறைந்தது. மழை பொடிச்சரளையை அரித்துக்கொண்டு போக, கைப்பிடி அளவுக் கற்கள் தலைநீட்டி நிற்கின்றன. லிமோனேவுக்கும் மொனேசி என்ற மலையூருக்கும் இடையிலான 39 கி.மீ. பகுதி ‘ஆல்ட்டா வியா டெல் சாலே’ என்ற பெயரில் சுற்றுலாவுக்காகச் சீரமைக்கப்பட்டது. அங்கேயும் மூட்டையோடு மணிக்கு 8 முதல் 10 கி.மீ.தான் ஓடும். ஏற்றத்தில் 6. லிமோனே ஏறத்தாழ 1000 மீட்டரில், தெண்டா கணவாய் 1871 மீட்டரில். முதல் நாள் காலையே 870 மீட்டர் ஏற்றம் காத்திருக்கிறது. ஒரு நாளுக்கு 35 முதல் 40 கி.மீ., 1200 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2079 மீட்டரில் உள்ள தோன் பார்பெரா மலைவிடுதியில் முதல் இரவு தங்குவது சரியான கணக்கு. முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பணமாகவும் கையில் வைத்திருங்கள். மின்சைக்கிளில் வருகிறவர்கள் சார்ஜ் செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். சாலையிலிருந்து தள்ளி இருக்கும் மலைவிடுதிகளில் மின்சாரம் அளவாகத்தான் இருக்கும்.

தண்ணீர் விஷயத்தில் ஏமாறுகிறவர்கள் நிறைய. ஆல்ப்ஸ் என்றால் திரும்பிய பக்கமெல்லாம் ஓடை என்ற நினைப்பு. தெண்டா கணவாய்க்கும் தோன் பார்பெராவுக்கும் நடுவே இருப்பது மார்குவாரெய்ஸ் சுண்ணாம்புக்கல் மலை. பெய்யும் மழையும் உருகும் பனியும் பாறைப் பிளவுகள் வழியே உள்ளே போய்விடும், மேலே ஓடை நிற்காது. ஆளுக்கு 3 லிட்டர் கட்டாயம். மாட்டுத் தொட்டித் தண்ணீரை வடிகட்டாமல் குடிக்கக் கூடாது.

டயரில் செய்யும் தவறுகளுக்குத்தான் இந்தச் சாலை உடனே தண்டனை தருகிறது. 40 மி.மீ. டயர் போட்ட கிராவல் பைக் (சரளைச் சாலைக்கான சைக்கிள்) வேண்டாம், 2.3 அல்லது 2.4 அங்குல டயர், பக்கச்சுவர் கெட்டியானது, டியூப்லெஸ். மூட்டை ஏற்றியதால் காற்றைக் கல்லாக அடிப்பவர்கள் இறக்கத்தில் பிடிமானம் இழக்கிறார்கள். குறைத்து வைப்பவர்கள் ரிம்மை நசுக்குகிறார்கள். 75 கிலோ ஆளும் 6 கிலோ மூட்டையும் என்றால் முன்னால் 22–23, பின்னால் 25–26 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் என்று தொடங்கி, அரை நாள் ஓட்டிப் பார்த்து மாற்றுங்கள். சீலன்ட், அதாவது ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம், டயருக்கு 100 மி.லி. சில மாதங்களுக்கு முன் ஊற்றியது உள்ளே காய்ந்து தோலாகியிருக்கும். புறப்படும் வாரம் புதிதாக ஊற்றுங்கள்.

பக்கச்சுவர் கிழிந்தால் சீலன்ட் காப்பாற்றாது, டியூப்தான் போட வேண்டும். அங்கேதான் இன்னொரு தவறு வெளிப்படும்: டியூப்லெஸ் வால்வின் நட்டைக் குறடு வைத்து இறுக்கியிருப்பார்கள், அல்லது காய்ந்த சீலன்ட் அதை ஒட்டியிருக்கும். மலையில் விரலால் திருகினால் அசையாது. வால்வு வெளியே வராமல் டியூப் உள்ளே போகாது. வீட்டிலேயே கழற்றித் துடைத்து, விரலிறுக்கமாக மாட்டுங்கள். டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தை ஒரு சுற்று கவனமாகத் தடவிப் பாருங்கள். வாரக்கணக்கில் சீலன்ட் அடைத்துவைத்த முட்கள் உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பிடுங்காவிட்டால் புது டியூப் ஐந்து நிமிடத்தில் போய்விடும். கிழிசலுக்கு உள்ளே பழைய டயர்த் துண்டு ஒன்றை வைத்தால் டியூப் பிதுங்காது.

மூட்டையைக் கட்டுவதில் ஒரு சோதனை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பின் சக்கர அதிர்வைத் தாங்கும் ஷாக்கின் காற்றை முழுக்க இறக்கி, சீட்டில் உட்கார்ந்து அழுத்துங்கள். சீட்டுப் பைக்கும் டயருக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இல்லையென்றால், முதல் பெரிய குழியில் பை டயரில் உரசி ஓட்டையாகும். முன் ஃபோர்க்கையும் ஹேண்டில்பார் பையையும் அதேபோல் பாருங்கள். பிறகு மூட்டையோடு உட்கார்ந்தால் ஷாக் 25 முதல் 30 சதவீதம் அமுங்கும்படி காற்றை ஏற்றுங்கள். கேரியரில் கனம் வைப்பது இந்தத் தரைக்கு ஒத்துவராது. அதிர்வில் போல்ட் கழன்றுவிடும்.

முகட்டிலிருந்து கடல்வரை ஏறக்குறைய 2000 மீட்டர் இறங்குகிறீர்கள். பிரேக்கை விடாமல் லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது டிஸ்க்கையும் எண்ணெயையும் கொதிக்க வைத்துவிடும். வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடுங்கள், டிஸ்க் ஆறும். மெட்டல் பிரேக் பேட் இரண்டு ஜோடி கூடுதலாக வேண்டும். புதுப் பேடை மாட்டியவுடன் செங்குத்தில் இறங்காதீர்கள். சமதளத்தில் 20 முறை வேகமெடுத்துப் பிடித்தால்தான் அது பழகும். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் சைக்கிளுக்குச் சைக்கிள் வேறுபடும், வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. 20 கிராம் எடையுள்ள அந்தத் துண்டை விட்டுவிட்டுப் போய்ப் பயணத்தையே இழக்க வேண்டாம்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வழக்கம். காலை 7 மணிக்குள் கிளம்பி 2 மணிக்குள் முகட்டை விட்டு இறங்குங்கள். கடல் அருகில் இருப்பதால் ஈரக்காற்று சரிவில் ஏறி மதியத்துக்குள் மூடுபனியாகிறது. ஓரத்தில் தடுப்பில்லாத இடங்களில் இறங்கித் தள்ளுவதே சரி. தொலைபேசி சிக்னலை நம்பாமல் தடத்தை முன்பே இறக்கி வையுங்கள். அவசர எண் இரு நாட்டிலும் 112. ஜூலைத் தொடக்கத்தில் நிழல் ஓடைகளில் பழைய பனி கிடக்கும். காலையில் அது கண்ணாடி மாதிரி இறுகியிருக்கும். சறுக்கினால் நிற்க இடமில்லை.

ஆட்டுமந்தையைக் கண்டால் ஓட்டிக் கடந்துவிடாதீர்கள். 1990-களில் ஓநாய் இந்த மலைகளுக்குத் திரும்பியதிலிருந்து வெள்ளைக் காவல் நாய்கள் மந்தையோடு இருக்கின்றன. வேகமாக வருவது எதுவும் அவற்றின் கண்ணுக்கு ஆபத்துதான். இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவே வைத்து, மெதுவாகப் பேசியபடி சுற்றி நடந்து போங்கள். கல் எறியவோ குச்சி ஓங்கவோ கூடாது.

இடிந்த கோட்டைகளுக்குள் நுழைய வேண்டாம்: மேல்தளம் இற்றுப்போயிருக்கும், புல்லுக்குள் துருப்பிடித்த முள்கம்பி கிடக்கும்.

சாலையில் மோட்டார் வண்டிகளும் வரும். சமீப ஆண்டுகளில் லிமோனே–மொனேசி பகுதியில் செவ்வாயும் வியாழனும் அவற்றுக்குத் தடை; அந்த நாட்களில் அங்கே இருக்கும்படி புறப்படுங்கள். விதி ஆண்டுக்காண்டு மாறலாம், கிளம்புமுன் பாருங்கள். வென்டிமிலியாவிலிருந்து லிமோனேவுக்கு அதே மலைகளின் ஊடே ரயில் உண்டு. வண்டிகள் குறைவு, சைக்கிள் வைக்கும் இடமும் குறைவு. கடைசி வண்டியை நம்பி இறங்காமல், கடற்கரையில் ஒரு இரவு தங்கிக் காலை வண்டியைப் பிடியுங்கள்.