கட்டம் போட்டு கிளாஸ் கணிப்பவர்களுக்கு

ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் ஒரு ரோல்பிளேயிங் கேமுக்குப் புது எடிஷன் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று ராத்திரியே பேச்சு ஆரம்பித்துவிடும்: எந்த கிளாஸ் (அதாவது வீரர், மந்திரவாதி என்கிற மாதிரி பாத்திர வகை) உள்ளே, எது வெளியே? நானும் அந்தத் திண்ணையில் உட்காருகிறவன்தான். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் நான்காம் எடிஷனுக்கும் (2008), ஐந்தாம் எடிஷனுக்கும் (2014), 2024இல் வந்த திருத்திய விதிகளுக்கும் ஜோசியம் சொல்லி மூன்று முறையும் அசடு வழிந்திருக்கிறேன். கீழே வரும் தவறுகளில் பாதி என் சொந்தச் சரக்கு.

முதலில், பெயர்களை எண்ணுகிற பழக்கம். பழைய புத்தகத்தின் கிளாஸ் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டே போவோம். ஆனால் ஒரு பெயர் பட்டியலிலிருந்து போவதும் அந்த ஆட்டம் போவதும் ஒன்றல்ல. 1978இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப்புத்தகத்தில் அசாசினும் (கொலையாளி) இல்யூஷனிஸ்டும் (மாயக்காரர்) தனித்தனி கிளாஸ்கள். 2014 புத்தகத்தில் அசாசின் ரோக் என்ற திருடருக்குள் ஓர் உட்பிரிவு, இல்யூஷனிஸ்ட் விசார்ட் என்ற மந்திரவாதிக்குள் ஓர் உட்பிரிவு. தனி வீட்டில் இருந்தவர்கள் போர்ஷனுக்குக் குடிபோன மாதிரி.

பெயர் அப்படியே இருந்து ஆள் மாறுவதும் உண்டு. ஐந்தாம் எடிஷனுக்காக, ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்லி 2012 ஆகஸ்டில் வெளியிட்ட சோதனை விதிகளில் சார்சரர் என்ற ஒரு மந்திரவாதி வந்தார். மந்திரம் போடப் போட அவருக்குள் இருக்கும் டிராகன் வெளியே வரும். சக்தி கரையக் கரைய, பின்னால் நின்றவர் முன்வரிசையில் அடிவாங்கத் தகுந்தவராக மாறுவார். எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு அவரைக் காணவில்லை. 2014இல் அதே பெயரில் புத்தகத்துக்குள் வந்தவர் வேறு ஆள்.

வார்லார்டின் கதை இன்னும் கசப்பு. நான்காம் எடிஷனின் முதல் புத்தகத்திலேயே இருந்த கிளாஸ், ஐந்தாவதில் இல்லை. தோழனை அடிக்கச் சொல்லி ஏவுவது, துவண்டவனைத் தெம்பூட்டுவது போன்ற சில வித்தைகள் ஃபைட்டரின் பேட்டில் மாஸ்டர் உட்பிரிவில் இடம்பிடித்தன. அது போதும் என்று சிலர் சொல்வார்கள். மந்திரமே இல்லாமல் ஒரு குழுவையே தூக்கி நிறுத்திய ஆளை அப்படித் துண்டு போட்டுக் கொடுத்தால் எப்படிப் போதும்? எனவே, 'இந்தப் பெயர் வருமா' என்று கேட்பதைவிட, 'இந்த வேலையை இனி யார் செய்வார், எவ்வளவு செய்வார்' என்று கேட்டால் கொஞ்சமாவது பக்கத்தில் போகலாம்.

அடுத்தது கட்டம் போடுவது. நான்காம் எடிஷன் 2008இல் வந்தபோது இது ஒரு வியாதியாகவே இருந்தது. அந்த எடிஷனே அதற்கு இடம் கொடுத்தது என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கிளாஸுக்கும் டிஃபெண்டர் (அடிதாங்குபவர்), ஸ்ட்ரைக்கர் (அடிப்பவர்), லீடர் (தோழருக்குத் துணைநிற்பவர்), கன்ட்ரோலர் (எதிரிகளைக் கட்டுப்படுத்துபவர்) என்று நான்கில் ஒரு பொறுப்பு. சக்தி எங்கிருந்து வருகிறது என்பதற்கு மார்ஷியல் (ஆயுதப் பயிற்சி), ஆர்கேன் (மந்திரம்), டிவைன் (தெய்வம்) என்று ஒரு மூலம். குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, ஜாதகம் ரெடி. காலியான கட்டத்தைப் பார்த்து, 'இங்கே ஒரு கிரகம் வந்தே ஆக வேண்டும்' என்று எல்லோரும் சொன்னோம்.

வேடிக்கை என்னவென்றால், கட்டம் பாதிக்கு மேல் பலித்தது. ஆர்கேன் டிஃபெண்டர் இல்லையே என்றோம், அதே ஆண்டு ஸ்வோர்ட்மேஜ் வந்தது. 2009இல் வந்த இரண்டாம் பிளேயர்ஸ் ஹேண்ட்புக்கில் ப்ரைமல் (இயற்கை) என்ற புது மூலத்துக்கு வார்டன், பார்பேரியன், ஷாமன், ட்ரூயிட் என்று நான்கு கட்டமும் ஒரே மூச்சில் நிரம்பியது. அதனால்தான் அகப்பட்டுக்கொண்டோம். வார்லாக் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஆர்கேன் ஸ்ட்ரைக்கர் கட்டத்தில் சார்சரரும் வந்து உட்கார்ந்தார். மார்ஷியல் கன்ட்ரோலர் கட்டமோ 2010 வரை ஈ ஓட்டியது. அப்புறம்கூடப் புதிதாக ஒரு கிளாஸ் வரவில்லை, ரேஞ்சரின் ஒரு வகைதான் அங்கே வந்தது. முதல் புத்தகத்திலேயே 'கி' என்றொரு சக்தி மூலத்தைக் குறிப்பிட்டிருந்தார்கள். அது மங்க் என்ற துறவி வீரருக்குத்தான் என்று நான் சத்தியம் பண்ணாத குறை. 2010இல் மூன்றாம் ஹேண்ட்புக்கில் மங்க் வந்தார், சயானிக் (மனோசக்தி) மூலத்தோடு. எங்கே ஓட்டை இருக்கிறது என்பதைக் கட்டம் காட்டும். அந்த ஓட்டையை அடைப்பார்களா, எதை வைத்து அடைப்பார்கள் என்பது அதில் இருக்காது.

முதல் புத்தகத்தில் இல்லாததற்கெல்லாம் இரங்கல் கூட்டம் போடுவதும் உண்டு. 2008 புத்தகத்தில் பார்ட், ட்ரூயிட், பார்பேரியன், மங்க், சார்சரர் யாருமே இல்லை. நான்கு பேர் அடுத்த ஆண்டே வந்துவிட்டார்கள், மங்க் மட்டும் இன்னும் ஓராண்டு தள்ளி. ஐந்தாம் எடிஷனில் ஆர்டிஃபைசர் ஒரு முழு கிளாஸாக அச்சேற 2019 ஆனது. இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்: தள்ளிப்போனதெல்லாம் வந்துவிடும் என்றும் இல்லை. மிஸ்டிக் என்ற மனோசக்தி கிளாஸை 2015, 2016, 2017 என்று மூன்று முறை சோதனைக்கு விட்டார்கள். கடைசியில் அதைக் கைவிட்டு, மனோசக்தி விஷயங்களை 2020இல் ஃபைட்டர், ரோக், சார்சரர் ஆகியோரின் உட்பிரிவுகளாகப் பிரித்துக் கொடுத்தார்கள். மறுபடியும் போர்ஷன்.

ஆசையைக் கணிப்பு என்று விற்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 'புது எடிஷனில் புது கிளாஸ் இல்லாமலா' என்று 2022இல் நான் அடித்துப் பேசினேன். பழைய புத்தகங்களோடு ஒத்துப்போகும் என்று, இந்த கேமை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் முதலிலேயே சொல்லியிருந்தது. அந்த ஒரு வரியை நிதானமாகப் படித்திருந்தால் வாயை மூடிக்கொண்டிருப்பேன். 2024இல் வந்தது பழைய அதே 12 கிளாஸ், ஒவ்வொன்றுக்கும் நான்கு உட்பிரிவு.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, சோதனை விதிகளை அச்சான விதிகளாக எடுத்துக்கொள்வது. 2022 செப்டம்பரில் கிளாஸ்களை எக்ஸ்பர்ட், மேஜ், ப்ரீஸ்ட், வாரியர் என்று நான்கு குழுவாகப் பிரித்துக் காட்டினார்கள். அதை வைத்து எத்தனை பேர் எத்தனை கோட்டை கட்டினோம்! புத்தகத்தில் அந்தக் குழுக்களே இல்லை. 2023இல் வார்லாக்கின் தனித்துவமான மந்திர முறையை எடுத்துவிட்டு, பாலடின் மாதிரி ஆக்கிப் பார்த்தார்கள். எதிர்ப்பு வந்ததும் பழைய முறைக்கே திரும்பினார்கள். ஆயுதங்களுக்கான வெப்பன் மாஸ்டரியோ சோதனையில் வந்து கடைசிவரை நின்றுவிட்டது. அவர்கள் கேட்டது ஒரு கேள்வி, நாம் அதைப் பதிலாகப் படித்தோம்.

எங்கள் குழுவில் ஒருவர் ஆறாம் லெவல் ட்ரூயிட் (விலங்காக உருமாறத் தெரிந்தவர்) ஆடிக்கொண்டிருந்தார், உட்பிரிவு சர்க்கிள் ஆஃப் தி மூன். துருவக்கரடியாக மாறி முன்னால் போய் நிற்பதுதான் அவருக்கு வேலையும் சந்தோஷமும். 2014 விதிப்படி ஒவ்வொரு முறை மாறும்போதும் கரடியின் 42 ஹிட் பாயிண்ட் (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு) தனியாகக் கிடைக்கும். அது தீர்ந்தால் பழைய உருவம், அதன்பிறகுதான் சொந்த ஹிட் பாயிண்டில் கைவைப்பார்கள். 2023 பிப்ரவரியில் வந்த சோதனையில் விலங்குகளின் தனித்தனி விவரங்களே போய்விட்டன. கரடியோ ஓநாயோ, ஒரே அச்சு வார்ப்பு, ஹிட் பாயிண்ட் உங்களுடையதேதான். 42 இருந்த இடத்தில் பூஜ்யம். அன்று ராத்திரியே அவர் எனக்கு போன் போட்டு, 'இனிமேல் இவனை ஆட முடியாது, கதையில் கொன்றுவிடுங்கள்' என்றார். நானும் ஆட்டத்தை நடத்தும் டிஎம் என்ற முறையில் பெரிய தியாகக் காட்சி ஒன்றை எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமையே ஆட்டத்தில் நடத்திவிட்டேன். எல்லோருக்கும் கண்ணில் தண்ணீர்.

2024இல் புத்தகம் வந்தபோது அந்த வார்ப்பைக் காணோம், விலங்குகள் அததன் விவரத்தோடு திரும்பியிருந்தன. ஆனால் சோதனை முழுக்க வீணாகவும் இல்லை: சொந்த ஹிட் பாயிண்டே தொடரும் என்ற யோசனை மட்டும் தங்கிவிட்டது. அதற்கு மேல், மூன் பிரிவுக்கு லெவலைப் போல மூன்று மடங்கு தற்காலிக ஹிட் பாயிண்ட். ஆறாம் லெவலுக்கு 18. நாற்பத்திரண்டும் இல்லை, பூஜ்யமும் இல்லை.

அவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, '18 தாராளம், ஆடலாமே' என்றார். இப்போது செத்தவனின் தம்பியை ஆடிக்கொண்டிருக்கிறார். அவனும் ட்ரூயிட்தான்.