உலராத கோழி பர்கர்: இரண்டு மூன்று பேர் உள்ள வீட்டுக்கு

வீட்டில் செய்யும் ‘ஆரோக்கிய’ பர்கர் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கெடுகிறது. கொழுப்பு வேண்டாம் என்று நெஞ்சுக்கறியை மட்டும் வாங்கி அரைத்துத் தவாவில் போட்டால் சக்கையாகிவிடும். சக்கையை விழுங்க மயோனைஸ் வேண்டும், மயோனைஸின் திகட்டலுக்கு கெட்சப் வேண்டும், மேலே ஒரு சீஸ் துண்டு. கறியில் மிச்சம் பிடித்ததெல்லாம் இப்படி வெளியிலிருந்து திரும்பி வந்துவிடும். கொழுப்பைக் குறைத்தால் அந்த இடத்தில் ஈரத்தைப் பிடித்து வைக்க வேறு ஏதாவது உள்ளே போக வேண்டும். இங்கே அந்த வேலையைக் காளானும் ஓட்ஸும் செய்கின்றன.

கீழே உள்ள அளவில் சுமார் 110 கிராம் எடையில் ஆறு பேட்டி (பன்னுக்கு நடுவே வைக்கும் கறி வட்டை) வரும். இருவர் இருக்கும் வீட்டில் அன்றைக்கு இரண்டு, மீதி நான்கு ஃப்ரீசருக்கு.

தேவையானவை: தோலும் எலும்பும் நீக்கிய கோழித் தொடைக்கறி 500 கிராம், பட்டன் காளான் 200 கிராம், பொடித்த ஓட்ஸ் 3 மேசைக்கரண்டி, பால் 2 மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 6, பூண்டு 3 பல், பச்சை மிளகாய் 1, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, பொடியாக நறுக்கிய கொத்தமல்லித் தண்டு ஒரு கைப்பிடி, உப்பு முக்கால் தேக்கரண்டி, எண்ணெய் மொத்தத்தில் 3 தேக்கரண்டி.

நெஞ்சுக்கறியே வேண்டும் என்பவர்கள் பாதிக்குப் பாதி கலக்கலாம். முழுக்க நெஞ்சுக்கறி என்றால் என்ன செய்தாலும் கொஞ்சம் வறண்டுதான் இருக்கும்.

முதல் வேலை காளான். ஈரத்துணியால் துடைத்து, கத்தியால் அரிசி அளவுக்குப் பொடியாக நறுக்குங்கள். அகலமான வாணலியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, வெங்காயம், பூண்டு, மிளகாயை ஒரு நிமிடம் வதக்கிக் காளானைச் சேர்க்க வேண்டும். முதலில் நீர் விடும். அது முழுதும் வற்றி, வாணலியில் லேசாக ஒட்டத் தொடங்கும் வரை ஆறிலிருந்து எட்டு நிமிடம் கிளறுங்கள். 200 கிராம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியிருக்கும். இங்கே அவசரப்பட்டால் அந்த நீர் பிறகு தவாவில் வெளியேறும். பேட்டி சிவக்காமல் அதிலேயே வெந்து வெளுத்துக் கிடக்கும். வதங்கியதைத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு கறியில் கலந்தால் கறி அங்கேயே வேகத் தொடங்கும், பிறகு சேர்ந்து பிடிக்காது.

கோழியைக் கழுவுவதால் கிருமி சாகாது, வேக்காட்டில்தான் சாகும். கழுவும்போது தெறிக்கும் நீர் சிங்க்கைச் சுற்றிக் கிருமியைப் பரப்பவே செய்கிறது. மஞ்சள் போட்டுக் கழுவாமல் மனம் ஒப்பாது என்றால், முழுத்துண்டாகக் கழுவித் துணியால் ஒற்றி உலர்த்திய பிறகு வெட்டுங்கள். கொத்திய கறியைக் கழுவவே கூடாது.

கறியைச் சிறு துண்டுகளாக்கித் தட்டில் பரப்பி 20 நிமிடம் ஃப்ரீசரில் வைத்தால் ஓரங்கள் விறைக்கும். அப்போதுதான் மிக்ஸியில் அறுபடும்; இல்லாவிட்டால் மசிந்து கூழாகும். இரண்டு தடவையாகப் பிரித்து, ஒரு விநாடி ஓட்டி நிறுத்தி, எட்டுப் பத்து முறை போதும். ஆங்காங்கே பட்டாணி அளவுத் துணுக்குகள் தெரிய வேண்டும். தொடர்ந்து ஓடவிட்டால் ஜாரின் சூட்டில் கறி பசையாகி, வெந்த பின் ரப்பர் பந்துபோல் துள்ளும்.

ஓட்ஸைப் பாலில் ஐந்து நிமிடம் ஊறவைத்து, கறி, காளான், மிளகு, கொத்தமல்லித் தண்டு எல்லாவற்றையும் ஒரு பாத்திரத்தில் போடுங்கள். உப்பைக் கடைசியாகச் சேர்த்துக் கையால் ஒரு நிமிடம் மட்டும் கலக்கவும். உப்பு பட்டதும் கறியின் புரதம் கரைந்து ஒட்டும் தன்மை வரும். கோழிக்கு இது கொஞ்சம் தேவை, இல்லையென்றால் திருப்பும்போது உடையும். அளவு மீறினால் சாசேஜ் போல இறுகிவிடும். பிறகு மூடி அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில். இந்த ஓய்வில்தான் ஓட்ஸ் ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. தட்டும்போது ஓரம் வெடித்தால் ஓய்வு போதவில்லை என்று பொருள்.

முக்கால் தேக்கரண்டி உப்பு சுமார் 4 கிராம். ஆறாகப் பிரித்தால் ஒன்றுக்கு 0.7 கிராமுக்கும் குறைவு. ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பன்னிலும் சாஸிலும் உப்பு இருக்கிறது என்பதால் பேட்டியில் கை அடங்க வேண்டும். மிளகும் வதங்கிய காளானும் ருசியை ஈடுகட்டும்.

தட்டும்போது பன்னைவிட ஒரு சென்டிமீட்டர் அகலமாகவும், ஒன்றரை சென்டிமீட்டர் தடிமனாகவும் இருக்கட்டும். வேகும்போது ஓரம் சுருங்கி நடுப்பகுதி உப்பும். அதைத் தடுக்கத் தட்டியதும் நடுவில் கட்டைவிரலால் ஆழமில்லாத ஒரு குழி அழுத்துங்கள். கை ஈரமாக இருந்தால் ஒட்டாது.

தோசைக்கல் இதற்கு அருமையானது. மிதமான தீயில், தண்ணீர் தெளித்தால் உடனே சுர்ரென்று ஆவியாகும் அளவுக்குக் காய வேண்டும். எண்ணெயைக் கல்லில் ஊற்றாமல் பேட்டியின் இரு பக்கமும் தடவினால் ஒன்றுக்கு அரை தேக்கரண்டியே அதிகம். ஒரே நேரத்தில் இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஐந்து நிமிடம் தொடாதீர்கள். அடிப்பக்கம் சிவந்தால் தானாகவே விட்டுக்கொடுக்கும், அதற்கு முன் தூக்கினால் பிய்யும். திருப்பி நான்கு நிமிடம், அதில் கடைசி இரண்டு நிமிடம் மூடி போட்டு. தோசைத்திருப்பியால் அழுத்தும் பழக்கம் பலருக்கு உண்டு. சத்தம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வெளியே ஓடுவது நாம் இவ்வளவு பாடுபட்டு உள்ளே வைத்த சாறு.

சமையல் வெப்பமானி இருந்தால் பக்கவாட்டில் நடுவரை குத்திப் பாருங்கள். கோழிக்கு 74 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். இல்லாவிட்டால் ஒன்றை நடுவில் கீறிப் பார்த்து, இளஞ்சிவப்பு துளியும் இல்லாமல், கசியும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். கொத்திய கறியில் மேற்புறத்துக் கிருமி உள்ளே வரை கலந்திருக்கும், அரைவேக்காடு கூடாது.

பன் வாங்கும்போது நிறத்தை நம்ப வேண்டாம். கேரமல் நிறமி சேர்த்த மைதா பன்னும் பழுப்பாகத்தான் இருக்கும். பாக்கெட்டில் சேர்பொருள்கள் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு வரிசையாக அச்சிடப்பட்டிருக்கும். முதல் பெயர் முழுக் கோதுமை மாவாக இருந்தால் எடுக்கலாம். சோடியம் எவ்வளவு என்று போட்டிருந்தால் அதை 2.5 ஆல் பெருக்கினால் உப்பின் அளவு. நான்கு பன் பாக்கெட்டில் இரண்டு மீந்துபோகும் பிரச்சினைக்கு, மீந்ததைக் குறுக்கே வெட்டி ஃப்ரீசரில் வையுங்கள். எடுத்து அப்படியே கல்லில் வாட்டலாம். வெட்டிய பக்கத்தை எண்ணெயில்லாமல் மொறுமொறுவென வாட்டினால்தான் சாஸில் ஊறிக் கிழியாது.

மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 10 கிராம் கொழுப்பு இருக்கிறது. பச்சை முட்டையில் செய்தது என்றால் சால்மோனெல்லா கிருமியின் அபாயமும் சேர்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டுத் தடை விதித்ததற்கு அதுவும் ஒரு காரணம். பதிலுக்கு 200 கிராம் புளிக்காத தயிரை மெல்லிய துணியில் கட்டி, வடிகட்டியில் வைத்து இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் விடுங்கள். வடிந்த கெட்டித் தயிரில் கல்லில் சுட்டு நசுக்கிய நான்கு பல் பூண்டு, அரை தேக்கரண்டி கடுகு விழுது, சில துளி எலுமிச்சைச் சாறு, மிளகு. கெட்சப் வேண்டுமென்றால் ஒரு தேக்கரண்டியோடு நிறுத்துங்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 4 கிராம் சர்க்கரை.

அடுக்கும் வரிசை: கீழ்ப் பன், தயிர் சாஸ், லெட்யூஸ் அல்லது நூலாக நறுக்கிய முட்டைக்கோஸ், அதன் மேல் பேட்டி, துணியில் ஒற்றிய தக்காளி வட்டம், வெங்காயம், மேல் பன். இலை கீழே இருந்தால் பேட்டியின் சாறு பன்னில் இறங்காது.

மீதி நான்கு பேட்டிகளையும் வேகவைக்காமலே பட்டர் பேப்பர் விரித்த தட்டில் இடைவெளி விட்டு இரண்டு மணி நேரம் உறையவைத்து, இடையிடையே பேப்பர் வைத்து, காற்று நீக்கிய கவரில் தேதி எழுதி வைக்கவும். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. முந்தைய இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். மேடையில் வெளியே வைத்து இளக்க வேண்டாம். உறைந்து இளகிய கடைக்கறியில் செய்திருந்தால் பச்சையாக மீண்டும் உறையவைக்காமல் வேகவைத்தே வைக்கவும்.

ஆட்டுக்கறியில் செய்ய, கொழுப்பைச் சீவிய தொடைக்கறியை இருமுறை கொத்தித் தரச் சொல்லுங்கள். நார் இருப்பதால் ஒருமுறை போதாது. உப்பை உள்ளே கலக்காமல், கல்லில் போடும் முன் மேலே மட்டும் தூவினால் இறுகாது. இதற்கு 71 டிகிரி.

சைவத்தில் ராஜ்மாதான் நன்றாக நிற்கிறது. எட்டு மணி நேரம் ஊறவைத்து, ஊறிய நீரைக் கொட்டி, குக்கரில் முழுதாக வேகவையுங்கள். அரைவேக்காட்டு ராஜ்மா வயிற்றைக் கலக்கிவிடும். வெந்த 300 கிராமை வடித்து, வெறும் வாணலியில் மூன்று நிமிடம் புரட்டி ஈரம் போக்கி, பாதியை மசித்து, பாதியை ஒன்றிரண்டாக விடுங்கள். காளான் வதக்கல் அதே அளவு. ஓட்ஸுக்கும் பாலுக்கும் பதிலாக நான்கு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை மாவு. முட்டை இல்லாமலே பிடித்துக்கொள்ளும். கலவை கையில் ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி மாவு சேர்க்கலாம், அதற்கு மேல் போனால் மாவுச்சுவைதான் மிஞ்சும்.