திருகோணமலையில் திருமணம்: விருந்தினர் வாகன ஏற்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாகனம் பிடிக்கும்போது நம்மவர்கள் முதலில் எண்ணுவது தலைகளைத்தான். நூற்று நாற்பது பேர், இருபத்தொன்பது இருக்கை பஸ் இரண்டு, மூன்று நடையில் எல்லோரையும் ஏற்றிவிடலாம் என்று கணக்கு முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் நேரம் இல்லாமல் போவதுதான் நான் கண்ட தவறுகளில் பெரியது.

ஓர் உதாரணம் பார்ப்போம். வெளியூர் உறவினர் நிலாவெளியில் தங்கியிருக்கிறார்கள், மண்டபம் நகரில், முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை 9.12 முதல் 10.24 வரை. தூரம் ஏறத்தாழ 15 கிலோமீற்றர்தான், ஓட்டம் 25 நிமிடம் என்று வைப்போம். ஆனால் சேலையும் நகையும் பூவுமாக வருபவர்களும், கைத்தடியோடு வரும் அப்பாச்சிமாரும் ஏறி அமர 20 நிமிடமும், இறங்க 10 நிமிடமும் ஆகும். வெறும் பஸ் திரும்பிச் செல்ல இன்னும் 25 நிமிடம். ஆக ஒரு நடைக்கு 80 நிமிடம். காலை 6.30க்கு ஏற்றத் தொடங்கினால் மூன்றாம் நடைக்காரர் மண்டப வாசலில் இறங்கும்போது 9.55 ஆகிவிடும், பெரும்பாலும் தாலி கட்டி முடிந்திருக்கும். வெள்ளியன்று 10.30க்கு இராகு காலம் பிறப்பதால், அவர்களுக்காகச் சடங்கைத் தள்ளிப்போடவும் ஐயர் சம்மதிக்கமாட்டார். அதே வேலைக்கு மூன்று பஸ் எடுத்தால் இரண்டு நடையில், 8.35க்கு எல்லோரும் வந்துவிடுவார்கள். மூன்றாவது பஸ்ஸின் வாடகையை வீண்செலவு என்று சொல்பவர், இரண்டு பஸ்ஸிலேயே அந்த 8.35க்கு எல்லோரையும் சேர்க்கக் காலை 5.10க்கு உறவினரைப் பஸ்ஸில் ஏற்றத் தம்மால் முடியுமா என்று முதலில் யோசிக்க வேண்டும்.

அடுத்தது, நாளைக் குறித்துவிட்டு வாகனத்தைப் பிறகு பார்க்கலாம் என்று இருப்பது. ஆவணியில் முகூர்த்தங்கள் நிறைய இருக்கும். ஆனால் அதே மாதத்தில்தான் கிழக்குக் கரையின் சுற்றுலாக் காலமும் நடப்பதால், உப்புவெளியிலும் நிலாவெளியிலும் வான்கள் வெள்ளைக்காரரோடு ஓடிக்கொண்டிருக்கும். ஓகஸ்ட் 15 மடுத் திருவிழாவுக்கும், ஆவணி அமாவாசையோடு நிறைவெய்தும் நல்லூர்த் திருவிழாவுக்கும் பஸ்கள் ஸ்பெஷல் போய்விடும். எனவே மண்டபத்துக்கு முற்பணம் கட்டும் அன்றே வாகனத்துக்கும் கட்டுவது நல்லது. வழித்தடத்தில் ஓடும் தனியார் பஸ்ஸை அமர்த்தினால், விசேட பயணத்துக்குரிய அனுமதிப் பத்திரத்தை உரிமையாளர் எடுப்பாரா என்பதையும், காத்திருப்புக் கூலி எவ்வளவு என்பதையும் அப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

தூரத்தைக் கண்ணால் அளப்பதும் நம் ஊருக்கே உரிய தவறு. கொட்டியாரக் குடாவுக்கு அப்பால் மூதூர் கைக்கெட்டும் தூரத்தில் தெரிகிறது. ஆனால் வீதியால் வருபவர் குடாவைச் சுற்றித்தான் வரவேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பின்னர் அங்கே வாகனங்களை ஏற்றிக் கடக்கும் பாதைக்குக் (மிதவைப் படகுக்குக்) காத்திருக்கும் தொல்லை ஒழிந்தது உண்மைதான். அதற்காக மூதூர், சம்பூர் உறவினரை நகரத்து நடைகளுக்கு இடையில் ஒரு சுற்றாகச் செருக முடியாது. அவர்களுக்குத் தனி வாகனமே வேண்டும்.

எங்கள் சித்தப்பா மகளின் திருமணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய பஸ் ஒன்று ஒழுங்கைக்குள் புகுந்து, மின்கம்பத்துக்கும் மதிலுக்கும் இடையே மாட்டிக்கொண்டது. சாரதி வெளியூர்க்காரர். “கோயிலடியால திரும்புங்கோ” என்று தொலைபேசியில் யாரோ சொல்ல, இவர் கண்ட முதற் கோயிலிலேயே திரும்பிவிட்டார். மாமா ஒருவர் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் நின்று கைகாட்டிக் கைகாட்டி அதை வெளியே எடுப்பதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில், முதல்நாள் மாலை சாரதியை ஓட்டோவில் கூட்டிச்சென்று ஏற்றுமிடங்களைக் காட்டிவிடுவது வழக்கமாயிற்று. பெரிய பஸ் பிரதான வீதியிலேயே நிற்கட்டும். ஒழுங்கைக்குள் இருக்கும் முதியவர்களை ஓட்டோ கொண்டுவந்து சேர்க்கட்டும். மணமக்களைத் திருக்கோணேச்சரத்துக்கு அழைத்துச் செல்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டையின் பழைய கல்வாசல் ஒடுக்கமானது, உள்ளே இராணுவ முகாமும் உண்டு. எந்த வாகனம் எதுவரை போகலாம் என்று முன்கூட்டியே விசாரியாமல் பஸ் நிறைய ஆட்களோடு போய் நிற்கக் கூடாது.

மாப்பிள்ளை வீட்டாரின் வாகனத்தை இந்தச் சுற்று நடைகளில் சேர்க்கவே கூடாது. மாப்பிள்ளை அழைப்பு பிந்தினால் எல்லாமே பிந்தும்.

பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்பதும் முக்கியம். பெண்ணின் தகப்பனாருடைய இலக்கத்தைச் சாரதிகளிடம் கொடுத்தால், அவர் தாரைவார்க்கும் நேரத்தில் மடியில் தொலைபேசி அலறும். சடங்கில் இடமில்லாத ஒரு மருமகனையோ ஒன்றுவிட்ட தம்பியையோ தேர்ந்து, பயணிகளின் பெயர்ப்பட்டியலையும் சாரதிகளின் இலக்கங்களையும் அவரிடமே ஒப்படையுங்கள். சாரதிகளுக்குச் சாப்பாடு கொடுப்பதும் அவர் வேலையாக இருக்கட்டும். கடைசிப் பந்தி வரை பசியோடு காத்திருந்தவர் மாலை நடையை முகம் சுளிக்காமல் ஓட்டுவார் என்று எதிர்பார்க்க முடியாது.

திரும்பும் பயணத்தைப் பெரும்பாலானோர் யோசிப்பதே இல்லை. வரும்போது முகூர்த்தம் அனைவரையும் ஒன்றாகக் கொண்டுவந்து சேர்க்கிறது; போகும்போது பந்தி முடிய முடியச் சிறு சிறு கூட்டமாகவே புறப்படுவார்கள். ஆகையால் மதியம் ஒன்றரைக்குப் பின் பெரிய பஸ்ஸைவிட, அரைமணிக்கொரு முறை புறப்படும் வான் ஒன்றே அதிகம் உதவும். கொழும்புக்குத் திரும்புவோருக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் இருக்கிறது. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையே இருட்டினால் யானை வீதிக்கு வரும் என்பதால், அவர்கள் இரண்டரைக்குள் புறப்பட்டால்தான் வெளிச்சத்தோடு காட்டைக் கடக்கலாம். முதற் பந்தி யாருக்கு என்று சமையற்கட்டில் கேட்கும்போது, கொழும்பு பஸ்ஸில் போகிறவர்களுக்கு என்று சொல்லிவையுங்கள்.