'கிஃப்ட்'னு ஒரு வார்த்தை: பரிசா, விஷமா, கல்யாணமா?

ஒரே வார்த்தை நாலு மொழில இருந்தா, எழுத்து ஒண்ணா இருக்குன்னு அர்த்தமும் ஒண்ணுனு நம்பிடாதீங்க. முதல்ல ஒவ்வொரு மொழிலயும் தனித்தனியா அர்த்தம் பாருங்க. இங்கிலீஷ்ல கிஃப்ட்னா பரிசு, ஜெர்மன்ல விஷம், ஸ்வீடிஷ்ல விஷமும் தான், 'கல்யாணம் ஆனவர்'னும் தான் (சிரிக்காதீங்க, நிஜமாவே அப்படித்தான்).

அடுத்து வேரைத் தேடுங்க. எல்லாத்துக்கும் அடியில இருக்கிறது 'கொடு'ங்கிற ஒரே வினை தான். பொண்ணு கொடுக்கிறதுல இருந்து கல்யாணம் வந்துச்சு, விஷம் எப்படின்னா கிரேக்கத்துல 'டோசிஸ்'னா கொடுக்கிறது, அதுவே வைத்தியர் கொடுக்கிற மருந்தளவாச்சு, அதைப் பார்த்து ஜெர்மன்காரங்களும் அதே மாதிரி கிஃப்டை யூஸ் பண்ண, மருந்து மெல்ல விஷமாயிடுச்சு.

கூட்டுச்சொல்லை மறக்காம பாருங்க, பழைய அர்த்தம் அங்க தான் ஒளிஞ்சிருக்கும். ஜெர்மன்ல 'மிட்கிஃப்ட்'னா இன்னைக்கும் வரதட்சணை தான். ஜெர்மன் டிக்‌ஷனரி வேணும்னா கிரிம் சகோதரர்கள் (தேவதைக் கதைகளைத் தொகுத்த அதே ஜெர்மன் அறிஞர்கள் தான்) 1838ல ஆரம்பிச்சது இருக்கு, 1961ல தான் முடிஞ்சுது, அதனால நீங்களும் அவசரப்படாதீங்க.